சி டிரைவில் இடமில்லை

காலையில் அழித்துக் காலிசெய்த இடம் சாயங்காலத்துக்குள் மறுபடி நிரம்பியிருந்தது.

ரங்கநாயகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். சி டிரைவின் வட்டம் முழுக்க நீலம். நிரம்பிய இடம் நீலம், காலி இடம் ரோஜா நிறம் என்று மகள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். காலையில் உட்கார்ந்து சீட்டு விளையாட்டு, கார் விளையாட்டு, இனி யாரும் தொடப்போகாத பாடப் புரோகிராம்கள் என்று ஒவ்வொன்றாக அழித்த பிறகு, தர்பூசணிக் கீற்று அளவுக்கு ரோஜா நிறம் தெரிந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரை அணைத்து, பூப்போட்ட உறையைப் போர்த்தி, சமையல்கட்டுக்குப் போனாள். இடையில் அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. வீட்டில் இருந்ததே அவள் ஒருத்திதான். அணைத்துப் போர்த்திவைத்த பெட்டிக்குள் எது வந்து நிரம்பும்?

வெளியே ஆடிக்காற்று பீளமேட்டுத் தெருவையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துப் பஞ்சாலையிலிருந்து காற்றோடு வரும் பஞ்சு, ஜன்னல் கம்பியிலும் கொடித்துணியிலும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்துச் சல்லடை ஓட்டைகளிலும் இழை இழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும். அந்தப் பஞ்சுதான் மகள் நவ்யாவைக் கொண்டுபோனது என்பது ரங்கநாயகியின் முடிவு. டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள். சிறு வயதிலிருந்தே இழுப்பு. போன ஆடியில் ஒரு ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடி, விடிகிற நேரத்தில் இந்த அறையிலேயே அடங்கிப்போனாள். பத்தொன்பது வயது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவள். அவளுக்காக வாங்கிய பெட்டிதான் இது. தொண்ணூற்றாறில் அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் இருந்த வீடு இது ஒன்றுதான். பார்ப்பதற்கென்றே சொந்தக்காரர்கள் காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள்.

சி டிரைவ் என்பது நம்ம வீட்டுப் பரண் மாதிரி என்று நவ்யா அம்மாவுக்கு விளக்கியிருந்தாள். புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமானால் பழசு ஒன்றை இறக்க வேண்டும். கண்டதையும் சேர்த்துவைக்கிற உன் புத்தியை இதில் காட்டாதே என்று கேலியும் செய்வாள். இப்போது அந்தப் பரணில் ஒரு குண்டூசி வைக்க இடமில்லை. அமாவாசைக்கு மறுநாள் காலையில் தொடங்கிய கோளாறு இது. அதற்கு முன்தினம் என்ன நடந்தது என்று ரங்கநாயகிக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க மனசு பயந்தது.

ஆடி அமாவாசையன்று மகளுக்குப் படையல் போட்டார்கள். அவளுடைய அறையிலேயே தலைவாழை இலை விரித்து, அவளுக்கு உயிரான அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றி, வடை, பாயசம், கன்னியாகப் போனவளுக்குப் புதுச்சுடிதார், கண்ணாடி வளையல் எல்லாம் வைத்தார்கள். விளக்கேற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். எல்லோரும் வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர் வந்து சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் தட்டி, “போயிட்டு வா” என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தட்டாமல் திறந்தால், வந்தவர் எழுந்து கிளம்ப வழியில்லாமல் போய்விடும் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லிவருகிற விஷயம்.

ரங்கநாயகிக்கு வேறொரு கவலை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மகளின் குரல் அவளுக்கு மறந்துகொண்டிருந்தது. போட்டோ சுவரெல்லாம் இருந்தது. முகம் எங்கே போகும்? ஆனால் “அம்மா” என்று கூப்பிடும்போது முதலெழுத்தை இழுப்பாளா, கடைசி எழுத்தை இழுப்பாளா என்பது ஒருநாள் பாத்திரம் கழுவும்போது நினைவுக்கு வராமல் போய், அவள் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்று அழுதாள். எந்த டேப்பிலும் அந்தக் குரல் இல்லை. அதனால் படையலன்று எல்லோரும் வாசலுக்கு நகர்ந்த பிறகு, கம்ப்யூட்டரைப் போட்டு, மைக்கை இலைக்குப் பக்கத்தில் வைத்து, நவ்யா கற்றுக்கொடுத்தபடி ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். தாய் மனசு. வேறென்ன சொல்வது.

பிறகு வாசலில் நிற்கவும் பொறுக்கவில்லை. கணவர் தட்டச் சொல்வதற்குள் ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். மகளைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்ற ஆசை. உள்ளே இலை போட்டது போட்டபடி இருந்தது. தட்டவில்லை, “போயிட்டு வா” என்று சொல்லவுமில்லை. அந்த வார்த்தை அவள் வாயில் வராது. தரையில் உட்கார்ந்து அழுத அழுகையில் ரெக்கார்டரை நிறுத்த மறந்துபோனாள். மறுநாள் காலையில் திரையில் அறிவிப்பு நின்றது. டிஸ்கில் இடமில்லை.

யூனுஸ் வந்து பார்த்தான். கோட்டைமேட்டுக்காரன். இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக்கொடுத்ததே அவன்தான். நவ்யா அவனிடம் ஓயாமல் சந்தேகம் கேட்டுத் தொல்லை செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்வான். நல்ல வெயில் நேரத்தில்தான் வந்தான். காபியைக் குடித்துக்கொண்டே எதை எதையோ தட்டிப் பார்த்தவன், அமாவாசையன்று உண்டான ஒரே ஒரு ஒலிப்பதிவுதான் மொத்த இடத்தையும் தின்றிருக்கிறது என்றான். ரெக்கார்டர் எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பதிவு பெருத்துக்கொண்டே போகிறது, இது எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்டுப் பார்ப்போம் என்று ஸ்பீக்கரைத் திருகினான்.

முதலில் காற்று. விளக்குத் திரி பொரிகிற சத்தம். தூரத்தில் ஆலைச் சங்கு. கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. யூனுஸ் காபி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது, இலை சரசரத்தது. வளையல் ஒன்றோடொன்று உரசியது. சோற்றைப் பிசைகிற ஈரமான சத்தம், வடையைக் கடிக்கிற சத்தம், தொண்டையில் இறங்குகிற சத்தம். எலியாக இருக்கும் என்று அவன் சொன்னான். இலையில் ஒரு பருக்கை குறைந்திருக்கவில்லை என்பதை ரங்கநாயகி அவனிடம் சொல்லவில்லை. பதிவில் கதவு படாரென்று திறந்தது. அவளுடைய அழுகை கேட்டது. அந்த அழுகைக்கு மேலே, மைக்கில் உதடு உரசுகிற அளவுக்குக் கிட்டத்தில், ஒரு பெண்குரல்.

“அம்மா, ஏம்மா அழுவற? நா இங்கதான இருக்கறேன்.”

கடைசி எழுத்தைத்தான் இழுத்தாள். ரங்கநாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யூனுஸ் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றான்.

“அழிச்சுப்போடுங்க்கா,” என்றான். “எங்கூட்டுலயும் மௌத்தாகிப் போனவங்களுக்கு ஓதி அனுப்பிச்சு உட்ருவோமுங்க. புடிச்சு வெக்கறதில்லீங்க.”

அழிக்காமல் இடம் பண்ண வழியே இல்லையா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் வேண்டாவெறுப்பாக இரண்டு வழி சொன்னான். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பூட்டலாம், ஆனால் சென்னையிலிருந்து வரவேண்டும், நாளாகும். இன்னொன்று, டிரைவை அமுக்கி வைக்கிற புரோகிராம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை ஓட்டினால் ஒன்றுக்கு இரண்டாக இடம் காட்டும். உள்ளே இருப்பதை எல்லாம் நசுக்கி நெருக்கி ஒரு மூலையில் அடைக்கிற வேலை அது. பிறகு பழையபடி பிரித்துவிட வேண்டுமென்றால் அதற்கும் காலி இடம் வேண்டும், இல்லாவிட்டால் பிரிக்க முடியாது, அதனால் அதைத் தொடவே தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மீதிக் காபியைக் குடிக்காமலே கிளம்பிப் போனான்.

அதற்கப்புறம் மத்தியான நேரம் முழுக்க அவளுக்கு அந்த அறையில்தான். குரல் அவளுக்குப் பதில் சொல்லாது. தன்பாட்டுக்குப் பேசும். அரிசிம்பருப்பில் நெய் கம்மி என்றது. புதுச்சுடிதார் கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்றது. ரங்கநாயகி சிரித்துக்கொண்டே அழுவாள். ஆனால் பேச்சுக்கு நடுவே வேறு சத்தங்களும் கேட்டன. அன்று காலையில் வைத்த குக்கரின் விசில் அதில் இருந்தது. சற்று முன் கேஸ்காரர் வந்து வாசலில் கூப்பிட்ட குரல் இருந்தது. மைக்கை அவள் எப்போதோ கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அந்த நேரத்திலெல்லாம் பெட்டியும் அணைந்துதான் இருந்தது. அப்படியும் உள்ளே யாரோ இந்த வீட்டை முழுநாளும் உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பயம்தான். பெற்ற மகளுக்குப் பயப்படுகிறோமே என்ற வெட்கம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் குரல் கொஞ்சம் சோர்ந்து, “எடம் பத்தலம்மா” என்றது. அன்றிலிருந்து அவள் கையில் அகப்பட்டதை எல்லாம் அழித்தாள். கீற்று தெரியும். மறுநாள் மறையும். கடைசியில் கணவர் சேர்த்துவைத்திருந்த பம்ப் வரைபடங்களையும் அழித்தாள்.

கணவர் நரசிம்மலுவுக்குக் கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் பட்டறை. வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். வீட்டில் தெலுங்குதான், ஆனால் மகள் போன பிறகு இருவருக்கும் இடையில் தெலுங்கு ஓடவில்லை. தேவைக்குத் தமிழில் நாலு வார்த்தை, அவ்வளவுதான். வரைபடங்களைக் காணாமல் அவர் கேட்டபோது அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. நீங்களும் ஒருதரம் கேளுங்கள், நம்ம குழந்தைதான், கேளுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

“எனக்கு வேண்டாம். அவ இழுத்துக்கிட்டுக் கெடந்த அன்னைக்கு ராத்திரி பூரா கேட்டேனே, அந்தச் சத்தமே இன்னும் காதை உட்டுப் போகல.” சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். “போனவளப் போக உடு அம்மணி. நாளைக்குச் சாயங்காலம் பெட்டியப் பட்டறைக்குக் கொண்டுபோறேன். எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுப் புதுசாப் போட அங்க ஒரு ஆள வரச் சொல்லீருக்கறேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

மறுநாள் அவர் பட்டறைக்குக் கிளம்பியதும் ரங்கநாயகி அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று சாயங்காலத்துக்குள் குரல் போய்விடும். இரண்டாவது தடவை. ஆனால் வட்டத்தில் பாதி ரோஜா நிறமாகக் காட்டிவிட்டால்? பாருங்கள், இடம் கிடக்கிறது, உங்கள் வரைபடத்துக்கும் இடமுண்டு, அவளுக்கும் இடமுண்டு என்று காட்டிவிட்டால் அவர் ஏன் துடைக்கப்போகிறார்? யூனுஸ் தொடாதீர்கள் என்று சொன்ன புரோகிராமைத் தேடி எடுத்தாள். செய்யட்டுமா என்று அது கேட்டது. செய் என்றாள்.

மத்தியானம் முழுக்க அது ஓடியது. டிஸ்க் உள்ளே கறக் கறக்கென்று அரைத்தது. திரையில் ஒரு நீலப்பட்டை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கூடிக்கொண்டே வந்தது. ஓட்டின்மேல் தென்னை மட்டை உரசியது, கொடியிலிருந்த துணி படபடத்தது, ஜன்னலைச் சாத்தியும் இடுக்கு வழியாகப் பஞ்சு வந்து தரையில் உருண்டது. நடுவில் எப்போதோ கண்ணயர்ந்தாள். விழித்தபோது அறையில் இருள் கட்டத் தொடங்கியிருந்தது. அரைக்கிற சத்தம் நின்றிருந்தது. முடிந்தது என்று திரை சொன்னது.

வட்டத்தைப் பார்த்தாள். பாதிக்குப் பாதி ரோஜா நிறம். எழுந்து மகள் போட்டோவுக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்து, பதிவைத் திறந்து ஸ்பீக்கரைத் திருகினாள்.

பேச்சு இல்லை. ஒரு மெல்லிய விசில் மட்டும் கேட்டது. காற்றுதான் ஜன்னல் இடுக்கில் ஊதுகிறது என்று முதலில் நினைத்தாள். எழுந்து போய் இடுக்கில் துணியை அடைத்தாள். விசில் நிற்கவில்லை. அது விட்டுவிட்டு வந்தது. உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். வெளியே விடும்போது கரகரவென்று இன்னொரு சத்தம். நடுவில் சளி உடைகிற ஓசை.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

“அம்மா.” ஒரு இழுப்பு. “நெருக்குதும்மா.” இன்னொரு இழுப்பு. “மூச்சுட முடியல.”

ரங்கநாயகி மௌஸைப் பிடித்தாள். நழுவியது. மறுபடி பிடித்தாள். பிரித்துவிடு. பழையபடி பிரித்துவிடு. அந்தப் புரோகிராமையே திறந்து, அமுக்கியதைப் பிரிக்கச் சொன்னாள். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிரிக்கப் போதுமான இடமில்லை என்றது. சில கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி முயலவும் என்றது.

வட்டத்தைப் பார்த்தாள். முழுக்க நீலம்.

எதை அழிப்பது? எல்லாவற்றையும் அழித்தாயிற்று. உள்ளே மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. ஸ்பீக்கரில் இழுப்பு வேகமானது. கீச். கரகர. கீச். “அம்மா.” விரலைக் கொண்டுபோனாள். விரல் இறங்கவில்லை. எந்தத் தாய்க்கு இறங்கும்?

அப்போதுதான் கரண்ட் போனது.

திரை அணைந்தது. மின்விசிறி தளர்ந்து நின்றது. கம்ப்யூட்டருக்குள் சுழன்றுகொண்டிருந்த சின்ன விசிறியும் நின்றது. தெருவில் யாரோ காற்றைத் திட்டினார்கள். விளக்கு வெளிச்சம் மட்டும் அறையில் ஆடியது. எல்லாம் அடங்கியது.

சத்தம் அடங்கவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பெட்டியிலிருந்து வந்தது. கீச். கரகர.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே நவ்யாவின் இன்ஹேலர், கடைசியாக அவள் உதடு பட்ட அதே இன்ஹேலர். குலுக்கினாள். கொஞ்சம் இருந்தது. பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். சல்லடை ஓட்டையில் அதன் வாயை வைத்து அமுக்கினாள்.

“இழு கண்ணு. இழுத்துக்கோ. அம்மா இருக்கறேன்.”

உள்ளே அது இழுத்துக்கொண்டது. ஒரு நெடிய, நடுங்குகிற இழுப்பு. மறுபடி அமுக்கினாள். மறுபடி இழுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை வெறும் காற்று.

பின்னால் கதவு திறந்தது. நரசிம்மலு. பெட்டியைக் கொண்டுபோக வந்தவர். கையில் சாவிக்கொத்து. இருட்டில் அவள் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கீச். கரகர.

சாவிக்கொத்து கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அன்று ராத்திரி என்ன செய்தாரோ அதையே செய்தார். நேராக ஜன்னலுக்குப் போய், அடைத்த துணியைப் பிடுங்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். அலமாரியிலிருந்து கைவிசிறியை எடுத்துவந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டிக்கு வீசத் தொடங்கினார்.

“தலைய நிமித்திப் புடி அம்மணி,” என்றார்.

அவள் அந்தக் கனமான பெட்டியைச் சாய்த்துத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். தகரம் சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு. போய்விடு கண்ணு, போயிட்டு வா என்று இப்போது சொன்னாள். அன்று வராத வார்த்தை இப்போது நிற்காமல் வந்தது. பெட்டியின் தகரத்தை விரலால் தட்டித் தட்டிச் சொன்னாள். அவரும் சொன்னார். தெலுங்கில் சொன்னார்.

போன ஆடியில் விடியும்போது நின்ற மூச்சு, இப்போது நிற்கவில்லை.

திறந்த ஜன்னல் வழியாகப் பஞ்சு வந்துகொண்டேயிருந்தது. சல்லடை ஓட்டையில் ஒட்டியிருந்த ஓர் இழை, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது.